கடைக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?
ராச்டேல் நெசவாளர்கள் போட்ட கணக்கு

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



ஆலையில் வேலை செய்தவன் வயது முடிந்து வெளியே வந்தாலும் சரி, ஆலையே மூடிப்போய் வெளியே வந்தாலும் சரி, அவன் கையில் ஒரு தொகை வருகிறது. கிராஜுவிட்டி, பிராவிடண்ட் பண்டு என்று சேர்ந்த பணம். இருபத்தைந்து, முப்பது வருஷம் பஞ்சுத் தூசியை விழுங்கிச் சேர்த்த பணம். இதை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், நம்மவர்களில் பலர் சொல்லும் பதில் ஒன்றே: "ஒரு கடை வைத்து உட்கார்ந்துவிடலாம்." கிராமத்திலும் அப்படித்தான். அறுப்பு முடிந்து நாலு காசு மிஞ்சினால் திண்ணையோரம் ஒரு பெட்டிக்கடை போடலாமா என்று யோசனை ஓடுகிறது.

கடை வைப்பதில் தப்பில்லை. ஆனால் நாம் என்ன பார்க்கிறோம்? பூஜை போட்டுத் திறந்த மளிகைக் கடை அடுத்த பொங்கலுக்குள் மூடிக் கிடக்கிறது. அலமாரி காலி, கல்லாப்பெட்டி காலி. கடன் நோட்டு மட்டும் கனத்துக் கிடக்கிறது. முப்பது வருஷ உழைப்பு ஒரே வருஷத்தில் போய்விட்டது. அந்த வீட்டில் அப்புறம் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை, பையனுக்குப் படிப்பு இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால், "இடம் ராசியில்லை" என்பார்கள். "வியாபாரம் நம் ரத்தத்தில் இல்லை" என்பார்கள். இதெல்லாம் காரணமே அல்ல. கடைக்கு வருமானம் எந்த வழியாக வருகிறது, எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்ற கணக்குத் தெரியாததுதான் காரணம். கணக்கு யாருடைய ரத்தத்திலும் பிறப்பதில்லை. கற்றுக்கொண்டால் யாருக்கும் வரும். நம்மைப் போன்ற ஆலைத் தொழிலாளர்களே கற்றுக்கொண்டு உலகத்துக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று விவரமாகப் பேசப் போகிறேன்.

28 பேர், 28 பவுன்

இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லா. மான்செஸ்டருக்கு வடக்கே ராச்டேல் என்று ஓர் ஊர். கம்பளித் துணி நெய்கிற ஊர். 1840ஆம் வருஷங்களில் அங்கே நெசவாளர்கள் நிலைமை படுமோசம். விசைத்தறி வந்து கைத்தறிக்காரன் பிழைப்பு போயிற்று. ஆலைக்குள் இருப்பவனுக்கும் வயிறு நிறையக் கூலியில்லை. 1843 முடிவில் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள், தோற்றார்கள்.

கூலி குறைவு என்பது ஒரு கஷ்டம். அந்தக் குறைந்த கூலியும் கடைக்காரனிடம் போய்ச் சேருவது இன்னொரு கஷ்டம். தொழிலாளி கடனுக்கு வாங்குகிறான். கடனாளிக்கு விலை கேட்க வாய் ஏது? கொடுத்த சரக்கை, சொன்ன விலைக்கு, போட்ட எடைக்கு வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் உணவுக் கலப்படம் தலைவிரித்தாடியது. ரொட்டி வெளுப்பாக இருக்கப் படிகாரம் கலந்தார்கள். ஒரு தரம் கொதிக்க வைத்த தேயிலையை உலர்த்திச் சாயம் ஏற்றித் திரும்ப விற்றார்கள். உணவுக் கலப்படத்தைத் தடுக்க அந்த நாட்டில் பொதுவான முதல் சட்டம் வந்ததே 1860ல்தான்.

இந்த நிலைமையில் சில தொழிலாளர்கள் கூடி யோசித்தார்கள். ஆளுக்கு ஒரு பவுன் பங்கு. ஒரு பவுனை மொத்தமாகக் கொடுக்க எவனிடமும் இல்லை. வாரத்துக்கு இரண்டு பென்ஸ் வீதம் வீடு வீடாகப் போய் வசூலித்தார்கள். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். வாரம் இரண்டு பென்ஸ் என்றால் ஒரு பங்கு சேர எத்தனை வாரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அப்படிச் சேர்த்து 28 பேர், 28 பவுன் முதல் என்று 1844 அக்டோபர் 24ந் தேதி சங்கத்தைப் பதிவு செய்தார்கள். டோட் லேன் என்ற சந்தில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தை வருஷம் 10 பவுன் வாடகைக்குப் பிடித்தார்கள்.

1844 டிசம்பர் 21ந் தேதி இரவு கடை திறந்தது. என்ன சரக்கு தெரியுமா? 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, ஆறு அந்தர் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. மொத்தமும் 17 பவுனுக்குள் அடக்கம். தெருப் பையன்கள் கூடி நின்று கேலி செய்தார்கள். பெரிய கடைக்காரர்கள், "ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிவிடக்கூடிய சரக்கு" என்று சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் கடைகளை இன்று யாருக்கும் தெரியாது. அந்த டோட் லேன் கடையை உலகம் பூராவும் தெரியும். அந்தக் கட்டடம் இன்று ஒரு பொருட்காட்சி சாலை.

வளர்ந்த கணக்கு

திறந்த கடை எப்படி வளர்ந்தது? 1845 முடிவில் அங்கத்தினர் 74 பேர். முதல் 181 பவுன். அந்த வருஷத்து விற்பனை 710 பவுன். லாபம் 22 பவுன். 1850ல் அங்கத்தினர் 600. முதல் 2,289 பவுன். விற்பனை 13,179 பவுன். லாபம் 880 பவுன். 1860ல் அங்கத்தினர் 3,450. முதல் 37,710 பவுன். விற்பனை 1,52,063 பவுன். லாபம் 15,906 பவுன்.

இந்தக் கணக்கைக் கூர்ந்து பாருங்கள். முதல் வருஷம் 100 பவுன் விற்றால் லாபம் 3 பவுன்தான். 1850ல் 100 பவுனுக்கு 6 பவுனுக்கு மேல். 1860ல் 10 பவுனுக்கு மேல். விலையை ஏற்றியா இந்த லாபம்? ஊரில் என்ன விலையோ அதே விலைதான். எடையைக் குறைத்தா? எடை நிறை எடை. அப்படியானால் லாபம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் நாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழி: பணம் ஓட வேண்டும்

நம்மூர்க் கடைகளில் ஒரு அட்டை தொங்கும்: "இன்று ரொக்கம், நாளை கடன்." அட்டை தொங்கும், அதற்குக் கீழேயே கடன் நோட்டும் தொங்கும்! ராச்டேல்காரர்கள் அட்டை தொங்கவிட்டதோடு நிற்கவில்லை. கடன் கிடையாது என்பதைச் சங்க விதியாகவே வைத்தார்கள். காரணம், அதே ஊரில் 1833ல் தொழிலாளர்கள் ஒரு கூட்டுறவுக் கடை நடத்தியிருந்தார்கள். கடன் கொடுத்தே அது இரண்டு வருஷத்தில் மூழ்கிப் போயிற்று. அந்தப் பாடத்தை மறக்காதவர்கள் புதிய கடையை ஆரம்பித்தவர்களிலும் இருந்தார்கள்.

கடன் ஏன் கடையைக் கொல்லுகிறது? ஒரு கணக்குப் போடுவோம். 9,200 ரூபாய்க்குச் சரக்கு வாங்குகிறீர்கள். 10,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். 800 ரூபாய் மிச்சம். ரொக்கத்துக்கு விற்றால் ஒரு வாரத்தில் சரக்குத் தீர்ந்து, அதே பணத்தில் அடுத்த சரக்கு வருகிறது. மாதத்தில் நாலு சுற்று. 800 நாலு தரம், 3,200 ரூபாய். அதே சரக்கைச் சம்பள நாள் வரை கடனுக்கு விட்டால்? மாதம் ஒரு சுற்று. 800 ரூபாயோடு சரி. முதல் அதே முதல், உழைப்பு அதே உழைப்பு, வருமானம் நாலில் ஒன்று.

இது கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தால் உள்ள கணக்கு. வராவிட்டால்? 1,000 ரூபாய்ச் சரக்கு வாங்கியவர் ஊரை விட்டே போய்விட்டார் என்று வையுங்கள். உங்கள் கொள்முதலில் 920 ரூபாய் போயிற்று. நூறு ரூபாய் விற்றால் 8 ரூபாய் மிஞ்சுகிற கடையில், இந்த 920ஐத் திரும்பச் சம்பாதிக்க 11,500 ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். ஒரு ஆள் ஏமாற்றியதை ஈடுகட்ட ஒரு வாரத்துக்கு மேல் சும்மா உழைக்க வேண்டும்!

இதிலே தண்டல் பணமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுக்கிறான். தினம் 100 வீதம் 100 நாள் கட்டு என்கிறான். 8,500ஐ முதலாகப் போட்டு மாதம் ஒரு சுற்று ஓடுகிற கடையில், 100 நாளில் கிடைக்கும் லாபம் 2,500 ரூபாய்க்கு உள்ளேதான். அதில் 1,500 தண்டல்காரனுக்கு. அதுமட்டுமா? மாதம் லாபம் 740. மாதம் கட்ட வேண்டியதோ 3,000. மீதியை எங்கிருந்து கட்டுவது? சரக்குப் போட வேண்டிய பணத்திலிருந்து கட்டுகிறோம். அலமாரி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாவதன் ரகசியம் இதுதான்.

"கையில் காசில்லாத மாதத்தில் என்ன செய்வது?"

இங்கே வயலில் வேலை செய்யும் தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். "நடவும் அறுப்பும் இருந்தால் கூலி உண்டு. மற்ற மாதங்களில் வேலையே இல்லை. கடனில்லாமல் எப்படி அடுப்பு எரியும்? ரொக்கம் ரொக்கம் என்றால் அது காசுள்ளவனுக்குத்தானே கடை?"

நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டுக் கூட்டுறவு பேசுகிறவன் ஏழையின் வயிற்றை அறியாதவன். இதற்கும் ராச்டேலில் ஒரு வழி இருந்தது. அங்கத்தினர் லாபப் பங்கைக் கையில் வாங்காமல் சங்கத்திலேயே விட்டு வைக்கலாம். அது வட்டியோடு வளரும். கஷ்ட காலத்தில் எடுத்துக்கொள்ளலாம். அதாவது, பின்னால் அடைக்கிற கடனாக இருந்ததை முன்னால் போடுகிற சேமிப்பாக மாற்றினார்கள்.

நாமும் இதைச் செய்யலாம். அறுப்பு மாதத்தில் கூலி வரும்போது வாரா வாரம் ஒரு தொகை கடையில் முன்பணமாக வரவு வையுங்கள். நெல்லாகக் கூலி வந்தால் அதில் இத்தனை மரக்கால் என்று வையுங்கள். வேலையில்லாத மாதத்தில் அந்த வரவிலிருந்து அரிசி, பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கடன் நோட்டில் உங்கள் பெயர் பற்றுப் பக்கத்தில் இருந்தால் நீங்கள் தலைகுனிந்து நிற்கிறீர்கள், கடையும் தள்ளாடுகிறது. அதே பெயர் வரவுப் பக்கத்தில் இருந்தால் நீங்களும் நிமிர்ந்து நிற்கிறீர்கள். கடைக்கும் வட்டியில்லாத முதல் கிடைக்கிறது. அந்தப் பணத்தில் அறுப்புக் காலத்தில் விலை மலிந்திருக்கும்போதே சரக்குப் பிடித்து வைக்கலாம். பஞ்ச மாதத்தில் ஏறிய விலைக்கு மண்டியில் போய் நிற்க வேண்டாம்.

சட்டென்று நோய், சாவு என்று வந்தால்? அதற்குத் தனியாக ஒரு நிவாரண நிதி வையுங்கள். கல்லாப்பெட்டியில் கை வைத்து உதவி செய்யாதீர்கள். அடுத்த வீட்டுக்காரன் மேல் உள்ள அன்பால் கடையை மூடினால், நாளைக்கு அந்த அடுத்த வீட்டுக்காரனுக்கும் கடையில்லை.

இரண்டாவது வழி: எடையும் தரமும்

எடையில் கை வைத்தால் லாபம் என்று நினைக்கிறவன் உண்டு. கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைத்தால் நூற்றுக்கு ஐந்து மிச்சம் என்று கணக்குப் போடுகிறான். அவன் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஏமாந்தவன் திரும்பி வருவதில்லை. வருகிற வழியிலேயே பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுப் போகிறான்.

ராச்டேல் கடைக்கு விளம்பரம் கிடையாது. ஜோடனை கிடையாது. முதலில் வாரத்துக்கு இரண்டே நாள் மாலை நேரம்தான் திறப்பார்கள். பகலில் எல்லோரும் ஆலையில் இருந்தார்கள். இருந்தும் ஜனங்கள் தேடி வந்தார்கள். கலப்படமில்லாத மாவு, சரியான எடை. குழந்தை கையில் காசு கொடுத்து அனுப்பினாலும் அதே எடை, அதே விலை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் சொல். கடையில் போடும்போது அளக்காமல் இருக்கலாமா?

மூன்றாவது வழி: வாங்குகிறவனுக்கே லாபம்

இதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். சாதாரணமாகக் கம்பெனியில் லாபம் யாருக்குப் போகும்? முதல் போட்டவனுக்குப் போகும். யார் அதிகப் பங்கு வைத்திருக்கிறானோ அவனுக்கு அதிக லாபம். ராச்டேலில் முதலுக்கு ஒரு குறிப்பிட்ட வட்டி, அவ்வளவுதான். மீதி லாபம் பூராவும், கடையில் யார் எவ்வளவுக்கு வாங்கினார்களோ அந்த விகிதப்படி திரும்பிப் போயிற்று. ஒவ்வொரு தரம் வாங்கும்போதும் தகரத்தில் செய்த ஒரு சிறு வில்லை கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வில்லைகளைக் கூட்டிப் பார்த்து லாபத்தைப் பிரிப்பார்கள்.

விளைவு என்ன? வேறு கடையில் ஒரு காசு மலிவு என்று ஆசை காட்டினாலும் அங்கத்தினர் போகமாட்டார். தன் கடையை விட்டுப் போனால் தன் லாபம் போகிறதே! பெரிய குடும்பம்தான் அதிகம் வாங்கும். அதற்குத்தான் அதிகம் திரும்பி வரும். சாப்பிடச் சாப்பிடச் சேமிப்பு வளர்ந்தது. அந்தச் சேமிப்பைப் பலர் எடுக்காமல் விட்டார்கள். 28 பவுன் 37,710 பவுனாக வளர்ந்ததில் பெரும்பாகம் இப்படிச் சேர்ந்த பணமே. லேவாதேவிக்காரன் வாசலில் போய் நிற்கவில்லை.

ஓட்டு விஷயமும் அப்படித்தான். ஒரு பங்கு வைத்தவனுக்கும் ஒரு ஓட்டு, ஐம்பது பங்கு வைத்தவனுக்கும் ஒரு ஓட்டு. பெண்களும் அங்கத்தினராகலாம். கலியாணமான பெண்ணுக்குச் சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையையே அந்த நாட்டுச் சட்டம் சரியாகக் கொடுக்காத காலம் அது!

நான்காவது வழி: ஏணியில் ஏறுவது

ஒரே சரக்கை நம்பி இருக்கக் கூடாது. ஒரே நாளில் எல்லாச் சரக்கையும் போடவும் கூடாது. ராச்டேல்காரர்கள் ஏணியில் ஏறுவது போல ஏறினார்கள். முதலில் ஐந்து சரக்கு. 1845ல் தேயிலையும் புகையிலையும். 1847ல் துணி. அப்புறம் இறைச்சி, செருப்பு, தையல். ஒவ்வொன்றையும் அங்கத்தினர் வீட்டுத் தேவையைப் பார்த்தே சேர்த்தார்கள். வாங்குகிற ஆள் முன்கூட்டியே இருக்கிறான். சரக்கு பிறகு வருகிறது. நாமோ சரக்கைக் குவித்துவிட்டு ஆளைத் தேடுகிறோம். மூலையில் கிடந்து புழு வைக்கிற பருப்பு, உறைந்துபோன நம் கிராஜுவிட்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தபடியாக, கொள்முதல். தனிக் கடைக்காரன் மொத்த வியாபாரியிடம் போனால் அவன் சொன்னதுதான் விலை. பல ஊர்க் கூட்டுறவுக் கடைகள் சேர்ந்து 1863ல் மான்செஸ்டரில் ஒரு மொத்தக் கொள்முதல் சங்கம் வைத்தன. இடையில் நின்று தின்றவனின் பங்கு கடைகளுக்கே மிஞ்சியது. அதற்கு முன்பே, 1850ல், மாவு மில் சங்கம் ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். அதில் முதலில் நஷ்டம். மாவு சரியாக இல்லை. சிலர் பயந்து பணத்தை எடுக்கப் பார்த்தார்கள். மற்றவர்கள் பொறுத்து நின்று, குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். பிறகு மில் நிமிர்ந்தது.

இதற்கு மேல் ஒரு செலவு செய்தார்கள். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் படிப்புக்கு ஒதுக்கினார்கள். வாசக சாலை, புத்தக சாலை, வகுப்பு. கடைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கலாம். அங்கத்தினருக்கு வரவு செலவு படிக்கத் தெரிந்தால்தான் காரியதரிசி கணக்கைத் திருத்த முடியாது!

கோட்டை விட்ட இடம்

தோழர்களே! நல்ல பக்கத்தை மட்டும் சொல்லி முடித்தால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். அவர்கள் தோற்ற இடம் ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளர்கள் அதைத்தான் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1854ல் அதே ஊரில் நூற்பு, நெசவு ஆலை ஒன்றைக் கூட்டுறவாக ஆரம்பித்தார்கள். லாபத்தில் பங்குக்காரர்களுக்கும் பங்கு, ஆலையில் உழைக்கிறவர்களுக்கும் பங்கு என்று விதி. ஆலை நன்றாக நடந்தது. விஸ்தரிக்கப் பணம் தேவைப்பட்டது. வெளியாருக்குப் பங்குகளை விற்றார்கள். வந்தவர்களுக்கு வேண்டியது டிவிடெண்ட்; கூட்டுறவில் அவர்களுக்கு அக்கறையில்லை. 1862ல் அவர்கள் மெஜாரிட்டியாகி ஓட்டுப் போட்டு, உழைக்கிறவர்களுக்கு லாபத்தில் பங்கு என்ற விதியையே எடுத்துவிட்டார்கள். தொழிலாளி ஆரம்பித்த ஆலை மற்ற ஆலைகளைப் போல ஆகிவிட்டது.

பாடம் என்ன? பணம் எங்கிருந்து வருகிறது என்று பார். அதோடு அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்றும் பார். முதல் தேவை என்று கதவைத் திறந்துவிட்டால், வீடே கைமாறிப் போகும்.

நம் பக்கத்தில்

ராச்டேல் தூரத்தில் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். அந்த முறையைப் பின்பற்றியே 1904ல் சென்னை திருவல்லிக்கேணியில் கூட்டுறவுக் கடைச் சங்கம் பிறந்தது. அது மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த இடம். தொழிலாளர்கள் கதை வேண்டுமென்றால் கேரளத்தில் கண்ணூரைப் பாருங்கள்.

பீடித் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் 1966ல் வந்தது. கேரள சர்க்கார் 1968ல் அதை அமல் செய்ததும், பெரிய பீடி முதலாளிகள் பட்டறைகளை மூடிவிட்டார்கள். சுமார் 12,000 பேருக்கு வேலை போயிற்று. தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. சர்க்கார் உதவியோடு 1969 பிப்ரவரி 15ந் தேதி தினேஷ் பீடிக் கூட்டுறவு வேலையை ஆரம்பித்தது. சுற்றுவது ஊர்ச் சங்கங்கள். இலையும் புகையிலையும் வாங்குவதும், பீடியை விற்பதும் மத்தியச் சங்கம். சிறியவர்கள் சிறியவர்களாக இருந்துகொண்டே பெரிய கொள்முதல் செய்ய முடிந்தது.

இங்கே இன்னொரு பாடமும் உண்டு. பீடி உடம்புக்குக் கேடு என்று ஜனங்கள் உணர்ந்தார்கள். பீடிக்கு மவுசு குறைந்தது. ஆளைக் கொல்லும் பண்டத்துக்குக் கிராக்கி குறைந்ததில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் சுற்றிய கைகளுக்கு வேலை? 1990களின் கடைசியிலிருந்து அந்தச் சங்கம் தேங்காய்ப் பால், ஊறுகாய், மசாலாப் பொடி, அப்புறம் குடை, துணிமணி என்று திரும்பியது. பழைய அளவு வேலை எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பீடி சுற்றுகிறவர்கள் தொகை வெகுவாகக் குறைந்துதான் போயிற்று. ஆனாலும் சங்கம் சாகவில்லை. ஒரு வருமானம் வற்றுவதற்குள் அடுத்த ஊற்றைத் தோண்ட வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

கல்லாப் பணம் நம் பணமல்ல

கூட்டுறவாக நடத்தினாலும் சரி, தனியாகக் கடை வைத்தாலும் சரி, சில காரியங்களைத் தவறாமல் செய்யுங்கள்.

ஒன்று: கல்லாவில் விழுகிற 100 ரூபாயில் 92 ரூபாய் அடுத்த சரக்குக்குச் சொந்தம். மீதி எட்டிலிருந்து வாடகை, விளக்கு, வண்டிக் கூலி, கூலியாள் சம்பளம் போக மிஞ்சுவதுதான் வருமானம். சாயந்திரம் பெட்டி நிறைந்திருக்கிறது என்று சினிமாவுக்கும் விருந்துக்கும் எடுக்காதீர்கள்.

இரண்டு: வீட்டுக்கு எடுக்கும் அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். சொந்தக் கடைதானே என்று எழுதாமல் எடுத்ததில் முதலுக்கே மோசம் வந்த கடைகள் ஏராளம்.

மூன்று: மனைவியும் பிள்ளையும் கடையில் நிற்கிறார்களா? அவர்கள் கூலியையும் செலவில் எழுதுங்கள். எழுதிப் பாருங்கள், பல கடைகளில் லாபம் என்று நாம் பெருமைப்படுவது மனைவிக்குக் கொடுக்காத கூலிதான் என்பது தெரியும். ஆலையில் கொடுக்காத கூலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வீட்டில் கொடுக்காத கூலியைப் பார்க்க மறுக்கலாமா?

நான்கு: சரக்கை எண்ணுங்கள். மாதம் ஒரு நாள் கதவைச் சாத்தி, ஒவ்வொன்றையும் எடுத்து எழுதுங்கள். எது ஓடுகிறது, எது உறங்குகிறது என்று தெரிந்துவிடும். உறங்குவதை அடக்க விலைக்காவது தள்ளிவிட்டு, ஓடுவதை வாங்குங்கள்.

ஐந்து: கிராஜுவிட்டி பூராவையும் ஒரே கடையில் கொட்டாதீர்கள். முதல் வருஷத்துக்குச் சிறு பங்கு போதும். 28 பவுனில் 17 பவுனுக்குச் சரக்கு போட்டவர்கள் நமக்குப் போதிய சாட்சி. பத்துப் பேர் தனித்தனியாகப் பத்துக் கடை வைத்து ஒருவரை ஒருவர் அழிப்பதைவிட, பத்துப் பேரும் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துச் சங்கமாகப் பதிவு செய்து ஒரே கடை வைப்பது மேல்.

ஆறு: சங்கமாக வைத்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் போட்டு வரவு செலவை உரக்கப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்படி படியுங்கள். கணக்குக் கேட்கிறவனை விரோதியாகப் பார்க்கிற தலைவரை மாற்றுங்கள்.

கடையும் கூலியும்

கடைசியாக ஒரு வார்த்தை. கடை வைத்துவிட்டால் கூலிப் போராட்டம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கடைக்கு வாடிக்கைக்காரர் யார்? நாமேதான். ஆலைக்காரனுக்குக் கூலி குறைந்தால், வயலில் வேலை நாள் குறைந்தால், நம் கடையில் விற்பனை குறையும். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் நின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினி கிடந்தார்கள். ராச்டேல் கடை அதைத் தாங்கி நின்றது. அங்கத்தினருக்குச் சேமிப்பு கைகொடுத்தது. ஆனால் நின்ற ஆலையைக் கடையால் ஓட்டிவிட முடியவில்லை. கடை நம் கூலியில் ஒழுகும் ஓட்டையை அடைக்கும். கூலியை உயர்த்துவது சங்கத்தின் வேலை. இரண்டு கையும் வேண்டும்.

வாரம் இரண்டு பென்ஸ் சேர்த்தவர்கள் செய்த காரியம் நம்மால் ஆகாததல்ல. இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குடும்பம் ஒரு மாதத்தில் கடையில் என்ன என்ன, எவ்வளவுக்கு வாங்குகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் தெருவில் இருபது வீட்டுத் தாள்களைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் வைக்கப்போகும் கடையின் விற்பனை எவ்வளவு என்பது, ஒரு ரூபாய்கூட முதல் போடாமல், அன்றே தெரிந்துவிடும். அந்தத் தாள்களோடு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். மேற்கொண்டு அங்கே பேசுவோம்.